நைனர்ஸ் நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்: முதல் சுற்று பிக்குகளைப் பற்றிக் கொஞ்சம் மனம் விட்டுப் பேசுவோம்

பொது மேலாளர் ஜான் லின்ச், தலைமைப் பயிற்சியாளர் கைல் ஷனஹன் இருவருக்கும் வணக்கம்.

2017-ல் நீங்கள் இருவரும் சேர்ந்து சான் ஃபிரான்சிஸ்கோ ஃபோர்ட்டி நைனர்ஸ் என்ற அமெரிக்கக் கால்பந்து அணியைக் கையில் எடுத்தீர்கள். அன்றிலிருந்து ஒவ்வொரு ஆண்டும், கல்லூரி வீரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்ட் முடிந்த மறுநாள் ரசிகர்களுக்குள் ஒரே சண்டைதான். இந்த பிக் (தேர்வு) சரியா தப்பா, இவனை விட்டுவிட்டு அவனை ஏன் எடுத்தார்கள், ஏ கிரேடா சி மைனஸா என்று ஆளுக்கு ஆள் மார்க் போடுகிறார்கள். என்எஃப்எல் என்ற தொழில்முறை லீக்கில் ஒரு ஆட்டம்கூட ஆடாத பையனுக்கு மார்க் போடுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. அதே சமயம் "டிராஃப்ட்னாலே லாட்டரி, யாருக்குத் தெரியும்" என்று கையை உதறிவிட்டுப் போவதையும் ஏற்க முடியவில்லை, ஏனென்றால் முடிவெடுப்பது நீங்கள், அதற்குச் சம்பளமும் வாங்குகிறீர்கள், அப்படி இருக்கும்போது நல்ல முடிவையும் மோசமான முடிவையும் பிரித்துச் சொல்ல ஏதோ ஒரு அளவுகோல் இருந்துதான் ஆக வேண்டும்.

என் அளவுகோல் இதுதான். எடுத்த அன்று உங்களுக்கு என்ன தெரிந்திருந்தது? அதற்கு என்ன விலை கொடுத்தீர்கள்? கணிப்பு பொய்த்தால் சமாளிக்கக் கையில் என்ன மிச்சம் வைத்தீர்கள்? முதல் கேள்வியில் நீங்கள் பெரும்பாலும் தேறிவிடுகிறீர்கள், மூன்றாவதில்தான் திரும்பத் திரும்பச் சறுக்குகிறீர்கள், இந்த மடலே அதற்காகத்தான்.

உங்களுக்குத் தெரிந்ததுதான், ஆனால் இதைப் படிக்கும் மற்றவர்களுக்காக ஒரு வார்த்தை. என்எஃப்எல் டிராஃப்ட் ஐபிஎல் ஏலம் மாதிரி கிடையாது. பையில் எவ்வளவு பணம் இருந்தாலும் பிடித்த ஆளைத் தூக்கிவிட முடியாது, உங்கள் முறை வர வேண்டும். போன சீசனில் கடைசியாக வந்த அணிக்கு முதல் முறை, சூப்பர் பௌல் என்ற இறுதிப் போட்டியை ஜெயித்த அணிக்குச் சுற்றின் கடைசி முறை, இப்படி ஏழு சுற்று. முன்னால் போக வேண்டுமென்றால் உங்களிடம் இருக்கும் பிக்குகளையோ, அதாவது தேர்வு முறைகளையோ, வரப்போகும் ஆண்டுகளின் பிக்குகளையோ இன்னொரு அணிக்குக் கொடுத்து இடம் வாங்க வேண்டும், அதுதான் ட்ரேட். முதல் சுற்றில் வரும் வீரனுக்கு நான்கு ஆண்டு ஒப்பந்தம், அணி விரும்பினால் ஐந்தாவது ஆண்டும் உண்டு. நல்ல ஆளாக அமைந்துவிட்டால் அத்தனை ஆண்டும் சந்தை விலையில் ஒரு பங்கைக் கொடுத்தே வைத்துக்கொள்ளலாம். சம்பள உச்சவரம்பு உள்ள லீக்கில் இதைவிடப் பெரிய சொத்து வேறு இல்லை.

சரி, 2017-லிருந்தே வருகிறேன். அதற்கு முந்தைய சீசன் 2-14 (2 வெற்றி, 14 தோல்வி), அதனால் இரண்டாவது பிக் உங்களுடையது. சிகாகோ பேர்ஸ் அணி மிட்ச்செல் டிரபிஸ்கி என்ற குவார்ட்டர்பேக்குக்காக (பந்தை வீசி ஆட்டத்தை நடத்துபவர்) ஒரே ஒரு இடம் மேலே வரத் துடித்தது. நீங்கள் இரண்டிலிருந்து மூன்றுக்கு இறங்கி 67, 111 ஆகிய பிக்குகளையும் 2018-ன் மூன்றாம் சுற்று பிக்கையும் வாங்கிக்கொண்டீர்கள். யாரை எடுக்கப் போகிறோமோ அவரே மூன்றிலும் கிடைப்பார் என்று தெரிந்துகொண்டு சும்மா இறங்கியதற்குக் கூலி வாங்கினீர்களே, அதைவிட நல்ல ட்ரேடை நான் அதிகம் பார்த்ததில்லை. அந்த 2018 பிக்தான் 70-வது இடமாக வந்து ஃபிரெட் வார்னர் ஆனது. லீக்கின் தலைசிறந்த லைன்பேக்கர் (தடுப்பாட்டத்தின் இரண்டாம் வரிசை வீரர்) ஒருவர் உங்களுக்கு அந்த ட்ரேடிலிருந்துதான் வந்தார்.

ஆனால் அந்த மூன்றாவது பிக்கில் எடுத்தது சாலமன் தாமஸை. ஸ்டான்ஃபோர்டில் பிரமாதமாக ஆடியவர், நல்ல மனிதர், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் 2015-ல் ஆரிக் ஆர்ம்ஸ்டெட், 2016-ல் டிஃபாரெஸ்ட் பக்னர் என்று ஏற்கெனவே முதல் சுற்றில் வந்த இரண்டு பேர் அந்த டிஃபென்ஸிவ் லைனில், அதாவது தடுப்பாட்டத்தின் முன்வரிசையில், நிற்கிறார்கள். மூன்றாமவரை எங்கே நிறுத்துவது என்ற கேள்விக்கே கடைசிவரை பதில் கிடைக்கவில்லை. உள்ளே விளையாடிப் பழகியவரை ஓரத்தில் நிறுத்தினீர்கள், முதல் மூன்று சீசனில் மொத்தம் 6 சாக் (பந்தோடு நிற்கும் குவார்ட்டர்பேக்கை வீழ்த்துவது). அவருடைய கல்லூரித் தோழர் கிறிஸ்டியன் மெக்கஃப்ரி அதே இரவில் எட்டாவதாகப் போனார். அவரைத்தான் ஐந்து ஆண்டு கழித்து, 2022 அக்டோபரில், இரண்டு, மூன்று, நான்கு, ஐந்தாம் சுற்று பிக்குகளைக் கொடுத்து வாங்கி வந்தீர்கள். கான்சாஸ் சிட்டியின் நட்சத்திர குவார்ட்டர்பேக்கான பேட்ரிக் மஹோம்ஸ் பத்தாவது என்பதைச் சொல்லி உங்களை அடிக்க மாட்டேன், அந்த இரவு அவரைத் தாண்டிப் போனவர்களில் நீங்கள் மட்டும் இல்லை. ஆனால் கையில் நம்பகமான குவார்ட்டர்பேக் யாருமே இல்லாத அணி, அடுத்த ஆண்டு கர்க் கசின்ஸ் வருவார் என்ற கணக்கை நம்பி அந்த ஆண்டு குவார்ட்டர்பேக்குகளை ஒதுக்கி வைத்தது தாமஸைத் தேர்ந்தெடுத்ததைவிடப் பெரிய பிழை என்று நினைக்கிறேன்.

அடுத்த இரண்டு ஆண்டுகளைப் பற்றி அதிகம் பேச ஒன்றுமில்லை. 2018-ல் ஒன்பதாவதாக மைக் மெக்லின்ச்சி, ஐந்து ஆண்டு ரைட் டேக்கிளாக (குவார்ட்டர்பேக்கைக் காக்கும் வரிசையின் வலது ஓரத்தில்) நின்றார், கொண்டாடவும் வேண்டாம், குறை சொல்லவும் வேண்டாம். 2019-ல் அரிசோனா முதல் பிக்கில் கைலர் மரேயை எடுத்ததும் நிக் போஸா உங்கள் மடியிலேயே வந்து விழுந்தார். முதல் சீசனிலேயே சிறந்த புதுமுக டிஃபென்ஸ் வீரர், 2022-ல் 18.5 சாக்குடன் லீக்கின் சிறந்த டிஃபென்ஸ் வீரர். யார் அந்த இடத்தில் உட்கார்ந்திருந்தாலும் அவரைத்தான் எடுத்திருப்பார்கள், ஆனாலும் சும்மா குழப்பிக்கொள்ளாமல் எடுத்தீர்களே, அதற்கும் ஒரு நன்றி.

2020 கொஞ்சம் ருசிகரமானது, ஏனென்றால் ஒரே இரவில் உங்களுடைய இரண்டு முகத்தையும் பார்த்தோம். ஆர்ம்ஸ்டெட், பக்னர் இருவருக்கும் ஒரே நேரத்தில் பெரிய சம்பளம் கொடுக்க முடியாது என்பதால் பக்னரை இண்டியானாபொலிஸுக்கு அனுப்பி 13-வது பிக்கை வாங்கினீர்கள். வலித்தது, ஆனால் கணக்கு புரிந்தது. 13-லிருந்து 14-க்கு இறங்கினீர்கள், டாம்பா பே அந்த இடத்தில் டிரிஸ்டன் வர்ஃப்ஸை எடுத்தது, அவர் இன்று லீக்கின் மிகச் சிறந்த டேக்கிள்களில் ஒருவர். நீங்கள் 14-ல் ஜாவோன் கின்லாவை எடுத்தீர்கள். கின்லாவின் முழங்கால் டிராஃப்டுக்கு முன்னமே தொல்லை கொடுத்தது, சீனியர் பௌல் என்ற கல்லூரி வீரர்கள் ஆட்டத்தின் பயிற்சியிலிருந்தே அதனால் விலகினார், அது எல்லோரும் அறிந்த செய்தி. பக்னர் மாதிரி ஓயாமல் ஆடிய ஒருவரின் இடத்தை நிரப்ப, முழங்காலில் சந்தேகம் இருக்கும் ஒருவரை எடுப்பது எந்தக் கணக்கிலும் சேராது. 2021-ல் அவர் நான்கே ஆட்டம். இதைப் பின்னால் நடந்ததை வைத்துச் சொல்லவில்லை, அன்றே சொல்லியிருக்கலாம்.

அதே சுற்றில் பந்தைப் பிடிக்கும் ரிசீவர் பிராண்டன் ஐயூக்குக்காக 31-லிருந்து 25-க்கு ஏறினீர்கள். கொடுத்தது 117, 176 ஆகிய இரண்டு பின்சுற்று பிக்குகள் மட்டும். ஐயூக் ஒன்றுமில்லாமல் போயிருந்தாலும் அணி அசைந்திருக்காது. அவர் 2022, 2023 இரண்டு சீசனிலும் ஆயிரம் யார்டைத் தாண்டினார், ஆனால் நான் பாராட்டுவது அதற்காக அல்ல, தப்பாகப் போனாலும் தாங்கக்கூடிய விலைக்கு வாங்கினீர்களே, அதற்காக. இவ்வளவு தெளிவாக யோசித்தவர்கள் பதினோரு மாதத்தில் எப்படி மாறினீர்கள் என்பதுதான் எனக்கு இன்றுவரை புரியாதது.

2021 மார்ச் 26. பன்னிரண்டாவது பிக், 2022-ன் முதல் சுற்று, 2023-ன் முதல் சுற்று, கூடவே ஒரு மூன்றாம் சுற்று, எல்லாவற்றையும் மயாமியிடம் கொடுத்து மூன்றாவது இடத்தை வாங்கினீர்கள். டிராஃப்டுக்கு இன்னும் ஒரு மாதத்துக்கு மேல் இருந்தது. யாருக்காக என்று சொல்லவில்லை. ஊரெல்லாம் குவார்ட்டர்பேக் மாக் ஜோன்ஸ் பெயர்தான் அடிபட்டது, ஏப்ரல் 29 அன்று மேடையில் அறிவித்தது இன்னொரு குவார்ட்டர்பேக், டிரே லான்ஸ்.

லான்ஸைப் பற்றி அன்று என்ன தெரியும் என்று பார்ப்போம். வயது 20. நார்த் டகோட்டா ஸ்டேட், அதாவது கல்லூரி ஆட்டத்தின் இரண்டாம் தட்டு. 2019-ல் 28 டச்டௌன் பாஸ் (எல்லைக்கோட்டைத் தாண்டிப் புள்ளி தரும் வீச்சு), ஒரு இண்டர்செப்ஷன்கூட (வீசிய பந்தை எதிரணி பிடித்துவிடுவது) இல்லை, அசத்தலான சீசன். 2020-ல் கொரோனாவால் ஒரே ஒரு ஆட்டம். மொத்தக் கல்லூரி வாழ்க்கையிலும் அவர் வீசிய பாஸ் 318 மட்டுமே. பலமான கை, வேகமான கால், அமைதியான பையன், கைல் ஷனஹனின் திட்டத்துக்கு இப்படி ஓடக்கூடிய குவார்ட்டர்பேக் கிடைத்தால் எப்படியிருக்கும் என்று நானும் கனவு கண்டேன். அவரை எடுத்ததை நான் குறை சொல்லவே மாட்டேன். திறமை கண்ணுக்குத் தெரிந்தது, அதோடு ஆடிய அனுபவம் குறைவு என்பதும் தெரிந்தது.

கோளாறு அங்கேதான். அனுபவம் குறைந்த குவார்ட்டர்பேக்குக்கு ஒரே மருந்து ஆட்டம். தப்பு செய்ய விட வேண்டும், தோற்க விட வேண்டும், ஒரு சீசன் முழுக்க அடிபட்டுக் கற்க விட வேண்டும். அதைச் செய்ய முடிவது கீழே கிடக்கும் அணிக்கு. நீங்கள் ஒரு ஆண்டுக்கு முன்புதான் சூப்பர் பௌல் ஆடி கான்சாஸ் சிட்டியிடம் 31-20 என்று தோற்றவர்கள், காயங்களால் 2020-ல் 6-10 ஆனவர்கள், வீரர்களெல்லாம் உச்ச வயதில் இருந்தார்கள். அப்படிப்பட்ட அணியில் ஒரு மாணவனுக்குப் பாடம் நடத்த நேரம் எங்கே இருக்கிறது? ஏற்கெனவே இருந்த குவார்ட்டர்பேக் ஜிம்மி கராப்பலோவே 2021-ல் பெரும்பாலும் ஆடினார், லான்ஸுக்குக் கிடைத்தது இரண்டு தொடக்க ஆட்டம் (ஆரம்பத்திலிருந்தே இறங்கும் ஆட்டம்). கொடுத்த விலையோ உடனே ஜெயிக்கத் துடிக்கும் அணி கொடுக்கும் விலை, வாங்கிய ஆளோ பொறுத்து வளர்க்க வேண்டிய ஆள். இந்த முரண்பாடு அந்த மார்ச் மாதமே தெரிந்திருக்க வேண்டும்.

அப்புறம் 2022. முதல் ஆட்டம் சிகாகோவில், குளம் மாதிரி தண்ணீர் நின்ற மைதானத்தில் 19-10 தோல்வி. இரண்டாவது ஆட்டம் செப்டம்பர் 18, லீவைஸ் ஸ்டேடியம், சியாட்டிலுக்கு எதிராக. முதல் கால்பகுதியிலேயே லான்ஸை நடுவே ஓடச் சொன்னீர்கள், குவியலுக்குள் போனவரின் வலது கணுக்கால் அப்படியே மடங்கியது. காலில் கட்டுப் போட்டு வண்டியில் ஏற்றும்போது சக வீரர்கள் வரிசையாக வந்து அவர் தோளைத் தொட்டுவிட்டுப் போனார்கள், ஸ்டேடியம் முழுக்க எழுந்து கைதட்டியது. அதோடு அவருடைய நைனர்ஸ் கதை முடிந்தது. நான்கு தொடக்க ஆட்டம், 102 பாஸ். 2023 ஆகஸ்டில் ஒரு நான்காம் சுற்று பிக்குக்கு டல்லாஸ் போனார்.

நீங்கள் கொடுத்த பிக்குகள் எங்கே போயின என்று துரத்திப் பார்ப்பது ரசிகர்களுக்குப் பிடித்த பொழுதுபோக்கு. அந்தப் பன்னிரண்டாவது பிக் மயாமியிலிருந்து ஃபிலடெல்ஃபியா, அங்கிருந்து டல்லாஸ் போய் மைக்கா பார்சன்ஸ் என்ற தடுப்பாட்ட நட்சத்திரம் ஆனது. 2022 பிக் டைரீக் ஹில் என்ற வீரரின் ட்ரேடில் கான்சாஸ் சிட்டிக்குப் போனது. 2023 பிக் பிராட்லி சப் என்ற வீரருக்காக டென்வர் போய், அங்கிருந்து ஷான் பேட்டன் என்ற பயிற்சியாளருக்காக நியூ ஆர்லியன்ஸ் போனது. இதைக் காட்டி "பார்சன்ஸை இழந்துவிட்டீர்கள்" என்று கத்துவது நியாயமில்லை. பன்னிரண்டிலேயே நின்றிருந்தாலும் அவரைத்தான் எடுத்திருப்பீர்கள் என்பதற்கு என்ன உத்தரவாதம்? நான் கேட்பது அதைவிட எளிமையான கேள்வி. மூன்று ஆண்டுகளில் மூன்று முறை, சம்பளம் குறைந்த, திறமை மிகுந்த ஒரு ஆளைச் சேர்க்கும் வாய்ப்பு இருந்தது. மூன்றையும் ஒரே ஆள் மேல் வைத்தீர்கள். மூன்று பிக்கில் இரண்டு சொதப்பினாலும் ஒன்று நின்றிருக்கும். ஒன்றே ஒன்றில் வைத்தால், ஒரு கணுக்கால் போதும்.

இங்கேதான் உடனே ஒரு குரல் வரும். "அதான் பிராக் பர்டி வந்துட்டாரே, இன்னும் ஏன் பழங்கதை?" சக ரசிகர்கள் சொன்னால் புரிந்துகொள்வேன், நிர்வாகமும் மனதுக்குள் அப்படி நினைத்துக்கொண்டிருக்கிறதோ என்றுதான் எனக்குப் பயம். பர்டி 2022-ல் 262-வது பிக், டிராஃப்டின் கடைசிப் பெயர். டிசம்பரில் கராப்பலோவின் பாதம் உடைந்து அவர் உள்ளே வந்ததிலிருந்து அணியைத் தூக்கி நிறுத்தினார், அடுத்த சீசனில் சூப்பர் பௌல் வரை கூட்டிப் போனார், 2025-ல் ஐந்து ஆண்டுக்கு 265 மில்லியன் டாலர் ஒப்பந்தமும் வாங்கினார். அவரைக் கண்டுபிடித்த ஸ்கவுட்டுகளுக்குக் கோயில் கட்டலாம். ஆனால் அவர் இவ்வளவு நன்றாக ஆடுவார் என்று உங்களுக்குத் தெரிந்திருந்தால் 262 வரை காத்திருந்திருக்க மாட்டீர்கள். மற்ற 31 அணிகளில் ஒன்று அதற்கு முன் அவர் பெயரைச் சொல்லியிருந்தால் கதை என்ன ஆகியிருக்கும்? பர்டி வந்தது லான்ஸ் ட்ரேடை நியாயப்படுத்தாது, அதன் விளைவை மூடி மறைத்தது, அவ்வளவுதான். இத்தனைக்கும் பர்டி கல்லூரியில் நான்கு ஆண்டு ஆடியவர், லான்ஸிடம் எது குறைவாக இருந்ததோ அது அவரிடம் நிறைய இருந்தது. அதிலிருந்தாவது ஏதாவது எடுத்துக்கொண்டீர்களா?

விளைவே இல்லை என்றும் சொல்ல முடியாது. 2022-ல் உங்கள் முதல் பிக் 61-வது இடத்தில், டிரேக் ஜாக்சன், இரண்டு சீசனுக்குப் பிறகு அவர் நைனர்ஸுக்கு ஆடவேயில்லை. 2023-ல் முதல் பிக் 87-வது இடத்தில். பிக் பஞ்சத்தில் இருந்த அந்த ஆண்டிலும் 99-வது பிக்கை, பந்தை உதைக்க மட்டும் வரும் கிக்கர் ஜேக் மூடிக்குச் செலவழித்தீர்கள். 2024 பிப்ரவரி, லாஸ் வேகஸில் சூப்பர் பௌல். மூடி 55 யார்டிலிருந்து அடித்தார், 53 யார்டிலிருந்து அடித்தார், நான்காம் கால்பகுதியில் எக்ஸ்ட்ரா பாயிண்ட் (டச்டௌனுக்குப் பிந்தைய ஒரு புள்ளி உதை) தடுக்கப்பட்டது. ஆட்டம் ஓவர்டைம் போனது. கான்சாஸ் சிட்டியின் 9 யார்டு கோட்டில் மூன்றாவது டௌன் (நான்கு முயற்சிகளில் மூன்றாவது), நான்கு யார்டு வேண்டும், டச்டௌன் அடித்தால் எதிரிக்குக் கழுத்தில் கத்தி. பர்டி பின்வாங்குகிறார், வலது பக்கத்திலிருந்து எதிரணியின் கிறிஸ் ஜோன்ஸ் யாரும் தடுக்காமல் நேராக அவர் முகத்துக்கே வருகிறார், அவசரமாக வீசிய பந்து வீணாகிறது, ஃபீல்டு கோல், அதாவது மூன்று புள்ளி உதை மட்டும். அதன் பிறகு மஹோம்ஸ், 25-22, முடிந்தது.

அந்த வலது பக்கத்தில் நின்றது நான்காம், ஐந்தாம் சுற்றில் வந்தவர்கள். அவர்களைத் திட்டவில்லை, அவர்கள் தகுதிக்கு மேலேயே உழைத்தார்கள். முதல் சுற்று லைன்மேன் இருந்திருந்தால் அந்தக் குழப்பம் நடந்தே இருக்காது என்று சத்தியம் செய்யவும் முடியாது. ஆனால் அணியின் மிக நல்ல ஆண்டுகளில், மிகத் தேவையான இடத்தில் ஆள் சேர்க்க முதல் சுற்று பிக்கே இல்லாமல் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தது யார் எடுத்த முடிவு?

உங்கள் நல்ல வீரர்கள் சிலர் எங்கிருந்து வந்தார்கள் பாருங்கள்: ஜார்ஜ் கிட்டில் ஐந்தாம் சுற்று, டிரே கிரீன்லா ஐந்தாம் சுற்று, தலனோவா ஹுஃபாங்கா ஐந்தாம் சுற்று, ஜவான் ஜென்னிங்ஸ் ஏழாம் சுற்று. இதைப் பார்த்து "இவர்களுக்கு முதல் சுற்று தேவையே இல்லை" என்று பெருமை பேசுகிறவர்கள் உண்டு. எனக்கு இதே பட்டியல் வேறொன்றைச் சொல்கிறது. பின்சுற்றுகளில் நீங்கள் நிறையப் பேரை எடுக்கிறீர்கள், ஒவ்வொருவருக்கும் சின்ன விலை கொடுக்கிறீர்கள், போனால் போகட்டும் என்று விட உங்களால் முடிகிறது, அதனால்தான் உங்கள் கண் அங்கே வேலை செய்கிறது. மேலே போனதும் அதே கண் ஒரே ஆளைப் பார்த்து மயங்கி, அவன் நிச்சயம் என்று நம்பி, வீட்டுப் பத்திரம் வரை எழுதிக் கொடுத்துவிடுகிறது. யாருமே நிச்சயம் இல்லை என்பதை உங்கள் கடைசிச் சுற்றே நிரூபித்திருக்கிறது.

லான்ஸ் போனபோது ஜான் நீங்கள் பொறுப்பைத் தட்டிக்கழிக்கவில்லை, வெளிப்படையாகவே ஏற்றுக்கொண்டீர்கள், அதை மதிக்கிறேன். 2024-ல் 31-ல் ரிக்கி பியர்சால், 2025-ல் 11-ல் மைகெல் வில்லியம்ஸ் என்று இருந்த இடத்திலேயே நின்று எடுத்ததையும் கவனித்தேன். அந்த இருவருக்கும் இப்போதே தீர்ப்பு எழுத மாட்டேன். 2021-ல் எல்லோரும் உங்களோடு சேர்த்துப் பேசிய அந்த மாக் ஜோன்ஸ் 2025-ல் ஒரு முதல் சுற்று பிக்கும் செலவில்லாமல் மாற்று குவார்ட்டர்பேக்காக வந்து, பர்டி காயத்தில் இருந்தபோது ஆட்டங்களை ஜெயித்துக் கொடுத்தார். குவார்ட்டர்பேக் தேடுவதற்கு இப்படியும் ஒரு வழி இருக்கிறது.

உங்களிடம் நான் கேட்பது இரண்டு. பர்டிக்கு இப்போது முழுச் சம்பளம் கொடுக்கிறீர்கள், ஆகவே சம்பளம் குறைந்த நல்ல இளைஞர்கள் முன்பைவிட இப்போதுதான் அதிகம் தேவை, இனி வரும் ஆண்டுகளின் முதல் சுற்று பிக்கை எந்தத் தனி ஆளுக்காகவும் விற்காதீர்கள், ஏற வேண்டுமென்றால் ஐயூக்குக்குக் கொடுத்த விலைக்குள் ஏறுங்கள். இரண்டாவது, டிராஃப்டுக்கு முந்தைய நாள் உங்கள் முதல் இரண்டு பிக்குகளுக்கான காரணத்தை எழுதி வையுங்கள்: யாரைத் தாண்டி இவரை எடுக்கிறோம், உடம்பில் என்ன சந்தேகம் இருக்கிறது, முதல் ஆண்டில் எத்தனை ஆட்டம் கொடுக்கப் போகிறோம், இவர் தேறாவிட்டால் அந்த இடத்தில் யார். மூன்று ஆண்டு கழித்து அதை அப்படியே வெளியிடுங்கள். மைகெல் வில்லியம்ஸைப் பற்றி எழுதி வைத்திருந்தால் 2028-ல் காட்டுங்கள், நாங்கள் படித்துவிட்டுப் பேசுகிறோம்.

இப்படிக்கு,
சான்டா கிளாரா பக்கத்தில் வசிக்கும், ஞாயிற்றுக்கிழமைகளை உங்களுக்கே எழுதிக் கொடுத்துவிட்ட ஒரு தமிழ் ரசிகன்